பெற்றோர் மறைந்தபின் மருத்துவமனைக் கட்டணத்தில் ஐயம் எழுந்தால்

தாயின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மஞ்சள் பை ஒன்றில் தாள்களை அடுக்கிக்கொண்டு ஒரு மகன் எங்கள் புறநோயாளர் அறைக்கு வந்தார். அவருடைய தாயார் நுரையீரல் தொற்றால் ஒன்பது நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, ஓர் அதிகாலை 4.10 மணிக்குக் காலமானவர். சண்டைக்கு வந்தவராக அவர் தெரியவில்லை. கட்டணச் சீட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். “ஐயா, பணம் போனது போகட்டும். அம்மா நாலு மணிக்குப் போய்விட்டார். எட்டு மணிக்கு நெபுலைசர் வைத்ததாகப் பில்லில் இருக்கிறதே, அது யாருக்கு வைத்தது?” என்று கேட்டார்.

எங்களால் அப்போதே விடை சொல்ல இயலவில்லை. நோய்க்குறிப்பு ஏட்டை வரவழைத்து, செவிலியர் பதிவையும் கணக்குப் பிரிவின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். தினமும் மூன்று வேளை என்று முன்னரே எழுதப்பட்ட மருந்தை, நோயாளியின் கணக்கு மூடப்படும் வரை கணினி தானாகவே ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் இறந்தபின் கணக்கை மூடச் சில மணி நேரம் ஆகியிருந்தது. பயன்படுத்தாத நான்கு ஊசிமருந்துக் குப்பிகளும் மருந்தகத்துக்குத் திருப்பப்படாமல் கணக்கில் நின்றிருந்தன. தவறு எங்களுடையதே. தொகை திருப்பித் தரப்பட்டது. ஆனால், பதினாறு நாள்களாக அந்த மகனை உறங்கவிடாமல் செய்தது தொகை அன்று. இறந்துபோன தாயைத் தாமே கருவியில் கிடத்தி வைத்துவிட்டோமோ என்ற அச்சமே அது.

கட்டணம் பற்றிய பேச்சை மருத்துவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் கணக்குப் பிரிவுக்கு விட்டுவிடுகிறோம். குடும்பத்தினரோ துயரத்தில் இருக்கும்போது பணத்தைப் பற்றிப் பேசுவதா என்று கூசுகிறார்கள். இவ்விரண்டு மௌனங்களுக்கும் நடுவே ஐயம் வளர்கிறது. இந்த இதழின் பாடம் அந்த ஐயத்தைத் தீர்க்கும் வழிமுறைகளைப் பற்றியது.

1. உடலைப் பெறுவது வேறு, கணக்குத் தீர்ப்பது வேறு

முதலில் அறிய வேண்டியது இது: கட்டணப் பாக்கிக்காக இறந்தவரின் உடலை நிறுத்தி வைக்கும் உரிமை எந்த மருத்துவமனைக்கும் இல்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனம் இதனை ஓர் உரிமையாகவே குறிப்பிடுகிறது. கட்டணத்துக்காக நோயாளியைப் பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது என்று தில்லி உயர்நீதிமன்றமும் 2017இல் கூறியுள்ளது. பாக்கி இருந்தால் அதனைச் சட்டப்படி பின்னர் வசூலிக்க மருத்துவமனைக்கு வழி உண்டு. உடல் ஈட்டுப்பொருள் ஆகாது.

நம் அதியமான்கோட்டை சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். பெரிய சிகிச்சை என்றால் நம்மவர்களில் பலர் பெங்களூருக்குச் செல்வதுண்டு. கர்நாடகத்தின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, பாக்கித் தொகையை வலியுறுத்தாமல் உடலை உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதில் சேர்க்கப்பட்டது. அங்கே உறவினரை இழப்போர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் புரிந்துகொள்வது நல்லது. சாலை விபத்து, நஞ்சு, தீக்காயம், தற்கொலை முயற்சி போன்றவற்றில் இறந்தவரின் உடல், காவல்துறை விசாரணையும் உடற்கூறாய்வும் முடிந்தபின்பே தரப்படும். தொப்பூர்க் கணவாய் விபத்துகளில் உறவுகளை இழந்த குடும்பங்கள் இந்தத் தாமதத்தை அறிவார்கள். இது சட்டத்தின் தேவையால் வரும் தாமதம். கட்டணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுசெல்ல இலவச அமரர் ஊர்திச் சேவை உண்டு. அதன் எண் 155377. துயர நேரத்தில் வாடகை வண்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் முன் இந்த எண்ணை அழைக்கலாம்.

2. கேட்டுப் பெற வேண்டிய தாள்கள்

காரியங்கள் முடியும் வரை பொறுத்திருக்கலாம். ஆனால் தாள்களைக் கேட்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. கீழ்க்கண்ட ஐந்தும் உங்களிடம் இருக்க வேண்டும்.

முதலாவது, முழு விவரக் கட்டணப் பட்டியல். “மருந்துகள்”, “இதர செலவுகள்” என்று மொத்தத் தொகையை மட்டும் காட்டும் ஒற்றைப் பக்கச் சீட்டு போதாது. நாள்வாரியாக, பொருள்வாரியாக, எண்ணிக்கையுடன் கூடிய பட்டியலைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இரண்டாவது, செலுத்திய முன்பணத்துக்கும் இடையில் கட்டிய தொகைகளுக்குமான பற்றுச்சீட்டுகள். அண்ணன் ஒரு நாள், மருமகன் ஒரு நாள் என்று பலர் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள்.

மூன்றாவது, இறப்புச் சுருக்க அறிக்கை. சேர்க்கப்பட்ட நிலை, அளித்த சிகிச்சை, இறந்த நேரம், காரணம் ஆகியவை இதில் இருக்கும்.

நான்காவது, நோய்க்குறிப்பு ஏட்டின் நகல். மக்கள் இதனைக் கேஸ் ஷீட் என்பார்கள். இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். உரியவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். நகலெடுக்கும் செலவை மருத்துவமனை கேட்கலாம், மறுக்கலாகாது.

ஐந்தாவது, இறப்புக்கான மருத்துவக் காரணச் சான்று. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். பின்னால் வங்கி, காப்பீடு, வாரிசுச் சான்றிதழ் ஆகிய அனைத்துக்கும் இறப்புச் சான்றே அடிப்படை.

3. கட்டணச் சீட்டைப் படிக்கும் முறை

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், முடிந்தால் நேரடியாக நோயாளியின் அருகில் இருந்த ஒருவருடன் சேர்ந்து அமர்ந்து, பென்சிலால் குறியிட்டுப் படிக்க வேண்டும். கீழ்க்கண்ட இடங்களில் தவறுகள் வருவது வழக்கம்.

நாள் கணக்கு: சேர்ந்த நாளும் இறந்த நாளும் இரண்டு முழு நாள்களாகக் கணக்கிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாளில் இரண்டு இடங்களுக்கும் வாடகை போடப்பட்டிருக்கலாம். அந்த மருத்துவமனையின் விதி என்ன என்று கேளுங்கள். ஒரு நாள் நள்ளிரவில் தொடங்குகிறதா, சேர்ந்த நேரத்திலிருந்து தொடங்குகிறதா என்பதைப் பொறுத்தே தொகை மாறும்.

மருந்துகள்: மருந்தகத்திலிருந்து வந்த எண்ணிக்கையை, செவிலியர் பதிவில் செலுத்தியதாக உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எஞ்சியவை திருப்பப்பட்டிருந்தால் கழிவு வரி ஒன்று இருக்க வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் எவரும் வாங்கக் கூடாது.

நுகர்பொருள்கள்: கையுறை, ஊசிக்குழல், குழாய்கள் போன்றவை சிறு தொகைகளாகத் தெரியும், கூட்டினால் பெருகும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் தில்லிப் பகுதியைச் சேர்ந்த 4 தனியார் மருத்துவமனைகளின் கட்டணச் சீட்டுகளை ஆராய்ந்து, சில பொருள்களில் இலாபம் 1,737 விழுக்காடு வரை சென்றதை வெளியிட்டது. அச்சிட்ட விலையைத் தாண்டாமலே இவ்வளவு இலாபம் எப்படி? மருத்துவமனை மொத்தமாக வாங்கும் விலை குறைவாகவும், அச்சிட்ட விலை மிகுதியாகவும் இருப்பதே காரணம். ஆகவே சட்டத்தை மீறாத சீட்டும் பாரமானதாக இருக்கக்கூடும். சட்டமீறல் வேறு, மிகுவிலை வேறு என்பதைப் பிரித்துணர்ந்தால் எதனை முறையிடலாம், எதனைக் குறைத்துத் தரும்படி வேண்டலாம் என்பது தெளிவாகும்.

பரிசோதனைகள்: ஒவ்வொரு பரிசோதனைக் கட்டணத்துக்கும் ஒரு முடிவுத்தாள் இருக்க வேண்டும். தாள் இல்லாத கட்டணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தீவிர சிகிச்சையில் இரத்த வாயுப் பரிசோதனை ஒரே நாளில் பலமுறை செய்யப்படுவது இயல்பு. எண்ணிக்கை கண்டு மட்டும் ஐயுற வேண்டாம்.

மருத்துவர் வருகை: வருகை ஒவ்வொன்றுக்கும் ஏட்டில் குறிப்பும் கையொப்பமும் நேரமும் இருக்க வேண்டும்.

வரி: மருத்துவ சேவைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. இல்லை. தீவிர சிகிச்சை அல்லாத அறையின் வாடகை நாளொன்றுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் மட்டும், 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு விதிக்கப்படுகிறது.

4. “இறந்தபின்னும் கருவியில் வைத்திருந்தார்களா?”

இந்தக் கேள்வியை எங்களிடம் வாய்விட்டுக் கேட்பவர் சிலர். மனத்துள் வைத்துக்கொண்டு செல்பவர் பலர். 2002இல் வெளிவந்த ‘ரமணா’ திரைப்படத்தின் மருத்துவமனைக் காட்சி தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஆகவே இதற்கு நேராக விடை சொல்வது எங்கள் கடமை.

செயற்கைச் சுவாசக் கருவி காற்றைத் தள்ளும். அதனால் மார்பு ஏறி இறங்கும். இதயத்தை அது இயக்காது. இதயம் நின்றபின் இரத்த ஓட்டம் இல்லை. உடல் குளிரத் தொடங்கும். சில மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கும். இவற்றை நாள்கணக்கில் எவராலும் மறைக்க இயலாது. மூளைச்சாவு என்பது வேறு. அதில் கருவியின் துணையால் இதயம் சில காலம் துடிக்கும். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இன்படி, அதனை உறுதிசெய்ய மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். “மூளைச்சாவு” என்று உங்களிடம் சொல்லப்பட்டிருந்தால், அந்தச் சோதனை நடந்ததா, அல்லது “மூளை மிகவும் பாதிக்கப்பட்டுள்ளது” என்பதைத்தான் அப்படிச் சொன்னார்களா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சரிபார்க்கும் வழி எளிது. இறப்பு நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. தாளில் நேரம் அச்சாகியிருக்கும். அந்த நேரமும், காரணச் சான்றில் உள்ள நேரமும், செவிலியர் பதிவின் கடைசி வரியும் பொருந்த வேண்டும். கருவிக்கான கட்டணம் அத்துடன் நிற்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் அது எழுத்துப் பிழையா, கணினிப் பிழையா, அதனினும் பெரியதா என்பதை மருத்துவமனை விளக்கியாக வேண்டும்.

“பிழைக்க மாட்டார் என்று தெரிந்திருந்தால் ஏன் ஆறு நாள் வைத்தீர்கள்?” என்பது இதனோடு சேர்ந்து வரும் கேள்வி. இது கணக்காளரிடம் கேட்கத்தக்கதன்று. சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேட்க வேண்டியது. முதல் இரண்டு நாள்களில் எங்களுக்கும் தெரிவதில்லை. தெரியவந்த நாளில் தெளிவாகச் சொன்னோமா என்பதே நாங்கள் எங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. தயங்காமல் நேரம் கேளுங்கள்.

5. காப்பீடு உள்ள குடும்பங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. திட்டத்தில் ஏற்கப்பட்ட சிகிச்சைக்கு, இணைக்கப்பட்ட மருத்துவமனை தனியே பணம் கேட்கக் கூடாது. கேட்டிருந்தால் பற்றுச்சீட்டுடன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம்.

தனியார் காப்பீட்டில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை முக்கியமானது. மருத்துவமனை அனுப்பிய இறுதிக் கோரிக்கைக்கு நிறுவனம் 3 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால் அதனை நிறுவனமே ஏற்க வேண்டும். சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால், கோரிக்கையை உடனே பரிசீலித்து, உடலை மருத்துவமனையிலிருந்து உடனடியாக விடுவிக்கச் செய்வதும் நிறுவனத்தின் பொறுப்பு.

தொகை குறைக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அறை வாடகை வரம்பே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வரம்பு 3,000 ரூபாயாக இருக்க, 6,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால், மருத்துவர், செவிலியர், அறுவை அரங்கு ஆகியவற்றின் கட்டணமும் பாதியாகக் குறைக்கப்படலாம். ஆனால் மருந்துகள், நுகர்பொருள்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணம் ஆகியவற்றை இந்த விகிதத்தில் குறைக்கக் கூடாது. குறைத்திருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு வராவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்.

6. பாக்கி யாருடைய கடன்?

தந்தை பட்ட கடன் பிள்ளையின் தலையில் என்று நம் பெரியவர்கள் நினைத்தது பழைய இந்துச் சட்டத்தை ஒட்டியது. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது சமயக் கடமை என்ற அடிப்படையில் வழக்குத் தொடுப்பது, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வாண்டு செப்டம்பர் 9 முதல் நீக்கப்பட்டது. இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தைச் சாரும். வாரிசுகள் தம் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர்.

இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. சேர்க்கும்போது “கட்டணம் முழுவதையும் நானே செலுத்துவேன்” என்ற உறுதிமொழியில் கையொப்பமிட்டவர், அந்த ஒப்பந்தத்தின்படி தாமே பொறுப்பாகிறார். அந்தத் தாளின் நகலையும் கேட்டுப் பாருங்கள். கையொப்பமிட்டிருந்தாலும், அளிக்காத சிகிச்சைக்குப் பணம் தர எவரும் கடமைப்பட்டவரல்லர்.

7. முறையீட்டின் படிகள்

முதற்படி, எழுத்து. பேச்சு காற்றோடு போகும். கடிதம் இப்படி அமையலாம்:

“எங்கள் தாயார் இம்மருத்துவமனையில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உள்நோயாளியாக இருந்து காலமானார். அவருடைய உள்நோயாளர் எண் இது. கட்டணச் சீட்டின் 14, 37, 52 ஆகிய வரிகளில் எங்களுக்கு ஐயம் உள்ளது. அவ்வரிகளுக்கான பதிவுகளின் நகலையும் எழுத்து வடிவில் விளக்கத்தையும் தர வேண்டுகிறோம். தவறு இருப்பின் மிகுதித் தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

“கொள்ளையடித்துவிட்டீர்கள்” என்று எழுதும் கடிதத்தைவிட, வரி எண்ணைக் குறிக்கும் கடிதத்துக்கே விரைவில் விடை வரும். மருத்துவ கண்காணிப்பாளருக்கு முகவரியிட்டு, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். பணம் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், “ஐயத்துக்கு உட்பட்டுச் செலுத்தப்படுகிறது” என்று எழுதிக் கட்டுங்கள். “முழு மனநிறைவு” என்று அச்சிட்ட தாளில் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள்.

இரண்டாம் படி, மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற வேண்டியவை. அரசு தலையிட்டதற்குச் சான்று உண்டு. கொரோனா காலத்தில், 2020 ஜூன் மாதம், தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பை அரசு விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், 19 நாள் சிகிச்சைக்கு 12.20 இலட்சம் ரூபாய் வாங்கிய சென்னை கீழ்ப்பாக்கத்து மருத்துவமனை ஒன்றின் கொரோனா சிகிச்சை அனுமதி நீக்கப்பட்டது.

மூன்றாம் படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்தவரின் வாரிசு வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. சிகிச்சை பெங்களூரிலோ சேலத்திலோ நடந்திருந்தாலும், நீங்கள் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். காலவரம்பு 2 ஆண்டுகள். முதலில் வழிகேட்க விரும்புவோர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். வழக்கறிஞருக்குப் பொருள் இல்லாதோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; பெண்களுக்கு வருமானம் பாராமல் அங்கே இலவச உதவி கிடைக்கும்.

முடிவாக

உடன்பிறந்தாரிடையே ஒரு சொல். கட்டணத் தகராறு பல வீடுகளில் “நீதான் அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனாய்” என்ற சண்டையாக மாறிவிடுவதைக் கண்டிருக்கிறோம். முடிவெடுத்தவர் அன்று தெரிந்ததைக் கொண்டு முடிவெடுத்தார். சீட்டில் உள்ள பிழைக்கு அவர் பொறுப்பல்லர். முடிந்தால் செலவுக்கணக்கை ஒருவரும் ஆவணங்களை மற்றொருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மகனுக்குப் பணத்தைத் திருப்பித் தந்த அன்று, இ.சி.ஜி. தாளையும் காட்டினோம். அதில் 4.08 என்று நேரம் அச்சாகியிருந்தது. கோடு நேராக இருந்தது. அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ எட்டு மணிக்கு யாரும் அம்மாவைத் தொந்தரவு பண்ணலை” என்றார். இல்லை என்றோம். அதன்பின் எங்கள் மருத்துவமனையில், ஒருவர் இறந்தால் கணக்கை மூடும் முன் செவிலியரும் மருத்துவரும் கடைசி நாளின் வரிகளைச் சேர்ந்து பார்த்துக் கையொப்பமிடும் முறையைத் தொடங்கினோம். பத்து நிமிட வேலை. முன்னரே செய்திருக்க வேண்டும்.

எங்கள் கட்டணச் சீட்டில் ஐயம் இருந்தாலும் இதே முறையில் எங்களையும் கேளுங்கள். கேட்பது நன்றிகேடு ஆகாது.